மதகு கூடினால் ஏரி நிறையாது

"தம்பி, டவர் ஃபுல்லா காட்டுது. பாஸ்போர்ட் காப்பி மட்டும் ஏற மாட்டேங்குது. சுத்திக்கிட்டே நிக்குது."

லால்பேட்டைக் கடைத்தெருவில் உம்ராவுக்கும் வளைகுடா வேலைக்கும் டிக்கெட் போட்டுத் தரும் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். உரிமையாளரைப் பாய் என்றே சொல்லிக்கொள்வோம். மூன்று தளம், பதினைந்து பேர் வேலை. உம்ரா சீசனில் வரவேற்பறை நிரம்பி வழியும். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன், சிலர் கையில் இரண்டு. அன்று அங்கே எத்தனை வைபை பெட்டி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். எட்டு. ஒன்று பைபர் இணைப்போடு வந்தது. ஒன்று மருமகன் துபாயிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. மூன்று சிதம்பரத்தில் வாங்கியவை. இரண்டு சுவர் பிளக்கில் நேரே செருகுகிற 'ரிப்பீட்டர்' வகை. எட்டாவது எப்படி வந்தது என்பது பாய்க்கே நினைவில்லை. "ஒன்பதாவதுக்கு ஆர்டர் போட்டுட்டேன். நாளைக்கு வந்துரும்" என்றார்.

அந்த ஒன்பதாவது பெட்டிக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

பாயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கல்யாண மண்டபம், மூன்று மாடி வீடு என்று தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிற நம்பிக்கை இது. நெட் மெதுவாக இருக்கிறதா, டவர் குறைச்சல். டவர் குறைச்சலா, இன்னொரு பெட்டி வாங்கி மாட்டு. விற்பவர் அதைத்தான் சொல்கிறார், விளம்பரம் அதைத்தான் சொல்கிறது, பக்கத்துக் கடைக்காரரும் அதைத்தான் செய்திருக்கிறார். இருட்டாக இருந்தால் இன்னொரு பல்பு, வெக்கையாக இருந்தால் இன்னொரு ஃபேன் என்று பழகிய மனத்துக்கு இது இயல்பாகவே படும். ஆனால் வைபை பல்பும் அல்ல, ஃபேனும் அல்ல. அது பேச்சு.

பேச்சுக்கு வருமுன் தண்ணீர். லால்பேட்டையில் நின்றுகொண்டு இதை விளக்க வெளியூர் உவமை தேட வேண்டியதில்லை. ஊரை ஒட்டியே வீராணம் கிடக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் இராஜாதித்தன் வெட்டியது என்று சொல்லப்படும் ஏரி. வீராணம் என்ற பெயருக்கு மூலமான வீரநாராயணன் என்பது தந்தையின் பட்டப்பெயர். அந்த ஏரிக்கு 74 கணவாய்கள், அதாவது மதகுகள், என்றும், அதை மனத்தில் கொண்டுதான் இராமானுஜர் 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்றும் வைணவர்கள் சொல்வார்கள். எண்ணிக்கை எதுவாகவும் இருக்கட்டும். கொள்ளிடத்தின் கீழணையில் திறந்தால் வடவாறு வழியாகத் தண்ணீர் வரும். வந்தால் ஏரி 47.50 அடிக்கு நிறையும், 2004-லிருந்து சென்னைக்குக் குடிக்கவும் போகும், மிஞ்சினால் லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடையில் வழியும். கீழணையில் திறக்காத ஆண்டில் 74 மதகையும் தூக்கிவிட்டுப் பாருங்கள். 75-வதாக ஒன்று புதிதாகக் கட்டியும் பாருங்கள். கடைமடைக்கு ஒரு சொட்டு கூடுதலாக ஏறாது. பாயின் பைபர் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட். எட்டுப் பெட்டி மாட்டினாலும் அது 100-தான்.

இந்த உவமையில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மதகு கூடினால் தண்ணீர் கூடாது, அவ்வளவுதான். குறையாது. வைபையில் பெட்டி கூடினால் குறையும்.

ஏன் குறையும் என்பதற்கு ஹவாய் வரை போய்வர வேண்டும். அங்கே பசிபிக் தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழக வளாகங்களை ஒரே கணினியோடு வானொலி அலை வழியாக இணைக்க நார்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியர் முயன்றார். 1971-ல் அலோஹா என்ற பெயரில் அது ஓடத் தொடங்கியது. விதி மிக எளிது: செய்தி இருந்தால் உடனே அனுப்பு, இரண்டு செய்தி மோதிக்கொண்டால் சற்று நேரம் விட்டு மறுபடி அனுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்த உண்மை கசப்பானது. எல்லாரும் இப்படி நினைத்த நேரத்தில் பேசினால், எத்தனை திறமையாக நடத்தினாலும் அந்த அலைவரிசையின் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாது. மீதி மோதலிலும் மௌனத்திலும் வீண்.

அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் இன்றைய வைபையின் மரியாதை. பேசுமுன் கேள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடு. அவர் முடித்த பிறகும் உடனே பாயாதே, ஒரு சீட்டு எடு, அந்த எண்ணிக்கை வரை காத்திரு, பிறகு பேசு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே குரல். அந்தச் சேனலில் காதில் விழும் தூரத்தில் இருக்கிற எல்லாரும் இந்த வரிசையில் நிற்கிறார்கள்: பாயின் பெட்டி, பாயின் இன்னொரு பெட்டி, பக்கத்துச் செல்போன் கடையின் பெட்டி, எதிர்வீட்டு மாடிப் பெட்டி, இவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிற அத்தனை செல்போனும். பெட்டி யாருடையது என்று அலைக்குத் தெரியாது. இரண்டு பெட்டியை ஒரே சேனலில் பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்தால் கிடைப்பது இரண்டு மடங்கு வேகம் அல்ல. ஒரே வரிசையில் கூடுதலாக ஓர் ஆள்.

இந்த ஊரில் குர்ஆனை மனப்பாடம் செய்விக்கும் ஹிப்ழு மதரஸா பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கமாக, ஆளுக்கொரு வசனமாக உரக்க ஓதிக்கொண்டிருப்பார்கள். வெளியில் நிற்பவருக்கு அது ஒரே இரைச்சல். நடுவில் உட்கார்ந்திருக்கிற உஸ்தாது, மூலையில் ஒரு பையன் ஓர் உச்சரிப்பைத் தப்பவிட்டதும் அங்கிருந்தே திருத்துவார். மனிதக் காதின் அற்புதம் அது. வைபை பெட்டிக்கு அந்தக் காது இல்லை. ஆறாம் தலைமுறை வைபை என்று விற்கிறார்களே, அதில் ஒரு பெட்டி தன்னுடைய பிள்ளைகளை மட்டும் நேரம் பிரித்து, அலையைக் கூறுபோட்டு, ஒரே மூச்சில் சிலரைக் கேட்கக் கற்றிருக்கிறது. பக்கத்து அறைப் பெட்டியின் பிள்ளைகளோடு அதற்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஆகவே "புது மாடல் வாங்கிட்டா சரியாயிடும்" என்பதும் பாதி உண்மைதான்.

சரி, ஆளுக்கொரு சேனல் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நமக்குத் திறந்துவிடப்பட்டிருப்பது மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 1 முதல் 13 வரை சேனல் காட்டும். பதின்மூன்று பாதை இருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்தோம். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒரு பெட்டி பேச எடுத்துக்கொள்ளும் அகலம் 20. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கிறது. மேலே படாமல் பேச நடைமுறையில் மூன்றுதான் தேறும்: 1, 6, 11. பாயின் அலுவலகத்தில் ஆறாம் சேனலில் ஐந்து பெட்டி. ஒன்றில் இரண்டு. ஒன்பதாம் சேனலில் ஒன்று. அந்த ஒன்பதுதான் மகா பாவி. ஆறில் இருப்பவர்கள் பேசுவது அதற்கு அரைகுறையாகக் கேட்கும், புரியாது. புரியாததால் முறையாக வரிசையில் நிற்கவும் தெரியாது. ஆறையும் கெடுக்கும், பதினொன்றையும் கெடுக்கும்.

வெற்றிலைக் கொடிக்கால் போடுகிறவர் அகத்தியை நெருக்கி நட்டுவிட்டு "இரட்டிப்பு மகசூல்" என்று சொல்வாரா? எவ்வளவு நிழல், எவ்வளவு இடைவெளி என்று அளந்துதான் நடுவார். இப்படி அளந்து நடுகிற லால்பேட்டையில்தான் கண்ணுக்குத் தெரியாத பயிரைக் கண்ணை மூடிக்கொண்டு நட்டிருக்கிறார்கள்.

பேச ஆள் இல்லாத நேரத்திலும் பெட்டி சும்மா இருப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. "நான் இருக்கிறேன், என் பெயர் இது" என்று நொடிக்குப் பத்து முறை கூவிக்கொண்டே இருக்கும். இடைவெளி 102.4 மில்லிசெகண்ட். பழைய கருவிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, பல பெட்டிகள் இந்தக் கூவலை 1997-ம் ஆண்டுத் தரத்தின் மிகக் குறைந்த வேகத்தில், அதாவது நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் கூவுகின்றன. ஒரு கூவல் 300 பைட் என்று வைத்துக்கொண்டால், முன்னொலியும் சேர்த்து ஏறக்குறைய 2.6 மில்லிசெகண்ட் பிடிக்கும். ஆக ஒரு பெயருக்கு நேரத்தில் இரண்டரை விழுக்காடு போயிற்று. பாயின் ஆறாம் சேனலில் ஐந்து பெட்டி, அதில் மூன்றில் விருந்தினருக்கென்று தனிப் பெயரும் உண்டு. மொத்தம் எட்டுப் பெயர். எட்டை இரண்டரையால் பெருக்குங்கள். ஒருவரும் ஒரு பாஸ்போர்ட்டும் அனுப்பாமல் இருக்கும்போதே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் பெயர் கூவலுக்குப் போய்விடுகிறது. மீதியில்தான் அத்தனை பேரின் வேலையும்.

செல்போனில் டவர் காட்டும் அந்த நாலு கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மூடநம்பிக்கையின் குலதெய்வம் அதுதான். கோடு சொல்வது ஒன்றே ஒன்று: பெட்டியின் குரல் உன் செல்போனில் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது. உன் செல்போனின் குரல் பெட்டிக்குக் கேட்கிறதா என்று அது சொல்லாது. காற்றில் இடம் இருக்கிறதா, பெட்டிக்கு அந்தப் பக்கம் நெட் என்று ஒன்று இருக்கிறதா, எதையும் சொல்லாது. பெட்டியோ கரண்டில் ஓடுகிறது, எத்தனை சத்தமாகவும் பேசும். செல்போன் பேட்டரியில் ஓடுகிறது, அடங்கித்தான் பேசும். பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிறவர் சொல்வது கடைசி வரிசை வரை கேட்கும். கடைசி வரிசைக்காரர் பதில் சொன்னால் மேடைக்கு எட்டுமா? படம் பார்ப்பது வரவு, பாஸ்போர்ட் ஏற்றுவது செலவு. பாயின் வரவேற்பறையில் பிள்ளைகள் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே ஊழியரின் மடிக்கணினியில் காப்பி ஏறாமல் நின்றது. இரண்டுக்கும் நாலு கோடு.

மோசமான கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஓர் ஆள் மற்ற எல்லாரையும் இழுத்துப் பிடிப்பார் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் முன்னால் போனால், பின்னால் வருகிற பேருந்தின் எஞ்சின் எவ்வளவு சக்தி உள்ளதானாலும் பயன் என்ன? தூரத்தில் நிற்கிற செல்போன் நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில்தான் பேச முடியும் என்றால், 300-ல் பேசக்கூடியவர் ஒரு நொடியில் முடிக்கிற கோப்பை அனுப்ப அது ஐம்பது நொடி வரிசையைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் எட்டுப் பெட்டிக்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "அதுக்குத்தான் தம்பி நிறைய பெட்டி. பக்கத்துல இருக்கிற பெட்டிக்கு மாறிக்கும்ல?" மாறாது. எந்தப் பெட்டியோடு பேசுவது என்று முடிவு செய்வது பெட்டி அல்ல, செல்போன். செல்போனுக்கோ உடும்புப் பிடி. ஐபோன் தன் காதில் விழும் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் அளவுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒட்டிக்கொண்ட போன், பாய் மேல் மாடிக்கு ஏறிப் போன பிறகும், தலைக்கு மேலேயே ஒரு பெட்டி இருந்தும், கீழ்த்தளத்துப் பெட்டியோடுதான் முனகிக்கொண்டிருக்கும். பெட்டிகளின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்திருந்தால் இந்த உடும்புப் பிடி இன்னும் இறுகும், ஏனென்றால் எங்கே போனாலும் கீழ்த்தளம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சத்தத்தைக் குறைத்தால்தான் போன் பிடியை விடும். "குறைச்சு வச்சா டவர் எப்படித் தம்பி எடுக்கும்?" என்று பாய் சிரித்தார். விலை கொடுத்து வாங்கிய சக்தியைக் குறைக்கச் சொல்கிறவனை யார்தான் நம்புவார்கள்?

பாயின் எட்டுப் பெட்டிக்கும் எட்டுப் பெயர் வேறு. ஆபீஸ், ஆபீஸ் 2, மேல் ஆபீஸ், ஆபீஸ் நியூ, இப்படி. வேறு வேறு பெயர் என்றால் போனுக்கு அவை வேறு வேறு ஊர். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தானாக நழுவாது. அறுந்து விழுந்த பிறகுதான் அடுத்ததைப் பிடிக்கும். ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. இது காசு கேட்காத வேலை. பத்து நிமிடம் கேட்கும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

முகவரிக் குழப்பம் அடுத்தது. கடையில் 'ரவுட்டர்' என்று வாங்குகிற பெட்டிக்குள் இரண்டு உத்தியோகம் அடங்கியிருக்கிறது. ஒன்று காற்றில் பேசுவது. மற்றது வருகிற கருவிக்கெல்லாம் முகவரி கொடுப்பது, ஊராட்சிச் செயலர் மாதிரி. அலுவலகத்துக்கு முகவரி கொடுக்க ஒருவர் போதும். எட்டுப் பெட்டியையும் அப்படியே மாட்டினால் எட்டு ஊராட்சிச் செயலர் ஒரே கிராமத்துக்கு. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் விழும். அல்லது மேல் மாடி தனிக் கிராமமாகப் பிரிந்துபோய், கீழே இருக்கிற பிரிண்டரை மேலே இருப்பவர் கண்ணால் பார்த்தாலும் கணினிக்குத் தெரியாது. பாயின் அலுவலகத்தில் மேல் மாடிக்காரர்கள் படிவத்தைச் செல்போனில் கீழே அனுப்பி, கீழே இருப்பவர் அச்செடுத்து, ஒரு பையன் படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு வருடமாக. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டது. பெட்டியில் முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்தி, 'ஆக்சஸ் பாயிண்ட்' நிலைக்கு மாற்றினால் முடிந்தது. பெரும்பாலான பெட்டிகளில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது.

சுவர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டரைப் பற்றி நான் நிதானமாக எழுதுவது கடினம். வயர் இழுக்காமல் டவர் கிடைக்கிறதே என்று மக்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் உருதுவில் பயான் செய்கிறார், பக்கத்தில் ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்கிறார் என்று வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சு இரண்டு மணி நேரம் ஆகும். ஒரே வானொலி உள்ள ரிப்பீட்டர் அந்த மொழிபெயர்ப்பாளர்தான்: ஒவ்வொன்றையும் ஒரு முறை கேட்க வேண்டும், அதே சேனலில் மறுபடி ஒரு முறை சொல்ல வேண்டும். வேகம் பாதியாகும். ரிப்பீட்டரிலிருந்து இன்னொரு ரிப்பீட்டருக்குத் தாவினால் மேலும் தேயும். கோடு மட்டும் நாலும் நிற்கும், அதில் குறையே இருக்காது! 'மெஷ்' என்று மூன்றாகக் கட்டி விற்பவையும், நடுவில் வயர் இல்லாவிட்டால், நாகரிகமான மொழிபெயர்ப்பாளர்கள்தான். பெட்டிக்கும் பெட்டிக்கும் பேச அவற்றில் சில தனி அலை வைத்திருக்கின்றன, அவை பரவாயில்லை. வயர் கொடுத்தால் அவையும் நிமிர்ந்து உட்காரும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் புரியாத விஷயம் என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். 2010 ஜூன் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில், உலகத்தின் தேர்ந்த கணினிக்காரர்கள் நிறைந்த அரங்கில் இதே கூத்து நடந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ முதன்முதலாக மேடையில் காட்டுகிறார். ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறார். திறக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த செய்தியாளர்கள் அரங்கத்து வைபையை நம்பாமல் ஆளுக்கொரு சிறு பெட்டியைப் பையில் கொண்டுவந்து ஓடவிட்டிருந்தார்கள். இந்த அறையில் 570 வைபை நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றை அணையுங்கள், மடிக்கணினிகளை மூடித் தரையில் வையுங்கள் என்று அவர் மேடையிலிருந்து கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் அந்த 570 பேரும் செய்தது நியாயம்தான். பாயும் அப்படித்தான் வாங்கினார்.

இந்த நம்பிக்கை ஏன் சாகாமல் இருக்கிறது? பெட்டி விற்றால் லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. சேனல் மாற்றிக் கொடுத்தால் யார் காசு கொடுப்பார்கள்? "சும்மா ரெண்டு பட்டனைத் தட்டினதுக்கா கூலி?" என்று கேட்கிற ஊர் நம்முடையது. புதுப் பெட்டி மாட்டிய அன்று கோடு ஏறுகிறது, மனம் நிறைகிறது. ராத்திரி கூட்டம் இல்லாத நேரத்தில் வேகமும் சோதித்துப் பார்த்துவிடுகிறார்கள். மறுநாள் பதினோரு மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் நிற்கிறது. நின்றால் பழி பைபர் கம்பெனிக்குப் போகிறது, பெட்டிக்குப் போவதில்லை. இன்னொரு காரணம், சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டடத்தில், கிரானைட்டும் டைல்ஸும் பதித்த சுவரில், ஒரு துளை போட நமக்கு மனம் வருவதில்லை. கட்டும்போதே மின்சார வயருக்குக் குழாய் பதிக்கிறோம், ஏசிக்குத் துளை விடுகிறோம், நெட் வயருக்கு ஒரு குழாய் பதிக்க யாரும் சொல்வதில்லை. அந்தக் குழாயின் விலை சிமெண்டுக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது.

பெட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கான்கிரீட் தளமும் அதற்குள் கம்பியும் இருக்கிற மூன்று மாடிக் கட்டடத்துக்கு ஒரு பெட்டி போதாது, தளத்துக்கு ஒன்றாவது வேண்டும். பெரிய கூடம் இருந்தால் இரண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வயர் போக வேண்டும். சுவிட்சிலிருந்து பெட்டி வரை 100 மீட்டருக்குள் அடங்குகிற நல்ல கேட்-6 வயர், அதிலும் முழுச் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயரும் அதே நிறத்தில், அதே சுருளில், குறைந்த விலையில் கடையில் கிடைக்கிறது. பெட்டிக்கு வேண்டிய கரண்டையும் அந்த ஒரே வயரில் அனுப்பும் முறை 2003-லேயே தரமாகிவிட்டது, அதற்கு இந்த முலாம் வயர் தாங்காது, சூடேறும். கரண்டையும் வயரிலேயே அனுப்பினால் இன்னொரு நன்மை: சுவிட்சுக்கு ஒரு யூபிஎஸ் வைத்தால் போதும், மின்தடையில் எல்லாப் பெட்டியும் உயிரோடு இருக்கும்.

5 கிகாஹெர்ட்ஸ் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 2018 அக்டோபரில் இந்திய அரசு அந்தப் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 83.5 எங்கே, 605 எங்கே! ஏழு மடங்குக்கும் மேல். அந்த அகலச் சாலை காலியாகக் கிடக்க, ஊர் முழுக்க ஒற்றையடிப் பாதையில் முட்டிக்கொண்டிருக்கிறது. "அது சுவரைத் தாண்டாது தம்பி, டவர் எடுக்காது" என்பதுதான் அதன் மேல் எல்லாரும் சொல்லும் குறை. தாண்டாததுதான் அதன் அருமை. உங்கள் பேச்சு பக்கத்து அறைக்குப் போகாது, பக்கத்து அறைப் பேச்சு உங்களிடம் வராது. அறைக்குள் பேச வேண்டியது அறைக்குள் நிற்கிறது.

பாயின் அலுவலகத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முதல் ஞாயிறு முழுக்கச் சண்டை. பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். "தம்பி, வேணாம் தம்பி" என்று பின்னாலேயே வந்தார். ஐந்தாவதை அணைத்தபோது மேல் மாடியிலிருந்து ஒரு பெண் ஊழியர் இறங்கிவந்து, நெட் இப்போது நன்றாக இருக்கிறதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பாய் அதன் பிறகு பேசவில்லை. இரண்டாம் ஞாயிறு எலக்ட்ரீஷியன் வந்து படிக்கட்டு ஓரமாக வயர் இழுத்தார், தளத்துக்கு ஒரு துளை. பைபரோடு வந்த பெட்டி இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அதன் வைபையை அணைத்துவிட்டு முகவரி கொடுக்கும் உத்தியோகத்தை மட்டும் விட்டுவைத்தோம். சிதம்பரத்தில் வாங்கிய மூன்றும் தளத்துக்கொன்றாகக் கூரைக்கு ஏறின: சேனல் 1, 6, 11, சத்தம் குறைத்து, ஒரே பெயரில். 5 கிகாஹெர்ட்ஸில் மூன்றுக்கும் மூன்று வேறு இடம். அலுவலகக் கணினிகள் எல்லாம் அந்தப் பக்கம் போயின. மேசையை விட்டு நகராத கணினிகளுக்கும் பிரிண்டருக்கும் நேரே வயர். காற்றில் அவற்றுக்கு என்ன வேலை? வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு தனிப் பெயர், அதற்கு ஒரு வேக வரம்பு.

பைபர் இணைப்பு அதே 100 மெகாபிட்தான். படியேறிக்கொண்டிருந்த பையன் இப்போது கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறான்.

மிச்சம் நான்கு பெட்டி. மறுநாள் கூரியரில் வருவதாகச் சொன்ன ஒன்பதாவதும் அதற்குள் வந்துவிட்டிருந்தது, உறை பிரிக்காமல். ஐந்தும் பாயின் ஸ்டீல் பீரோவில் இருக்கின்றன. சின்ன மகள் வீட்டு மாடியில் டவர் எடுக்கவில்லையாம். பெருநாளுக்குள் அதில் மூன்றை அங்கே மாட்டிவிடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.